அம்மாவின் படத்தைப் போட்டுக்கொள்

காவேரிப்பட்டணம்
மார்ச் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமரங்களில் பிஞ்சு பிடித்துவிட்டது. பெங்களூரா ரகம் நன்றாக இருக்கிறது. செந்தூராவில்தான் தத்துப்பூச்சி விழுந்து பாதிப் பூ கருகிவிட்டது. மருந்தை ஒரு வாரம் முன்னால் அடித்திருக்க வேண்டும்.

நீ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒன்று கேட்டாய். உன் நீச்சல், சைக்கிள், ஓட்டப் போட்டியை வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும்போது அம்மாவின் படத்தைப் போடலாமா, என்ன நோயில் போனாள் என்று எழுதலாமா என்று. "படம் வேண்டாம், நோயின் பெயர் கண்டிப்பாக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் மோட்டார் போடப் போய்விட்டேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. போட்டுக்கொள் பாப்பா. இரண்டையும் போட்டுக்கொள். ஏழு வாரம் கழித்து ஏன் மனம் மாறினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நீ இங்கே இருந்த ஆறு வாரமும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில் என்று நீ முதலில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இரண்டு முறை போய்த் திரும்பினால் உன் சைக்கிள் கணக்கு. அதை முடித்துவிட்டு மறுபடியும் தர்மபுரிக்குக் காலாலேயே ஓட வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் கிணறு ஒரு பக்கம் 40 அடி. எட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி உன்னை நான் இறக்கிய அதே கிணறு. நீ குறுக்கே போய்ப் போய்த் திரும்ப, நான் மேலே உட்கார்ந்து பத்து தடவைக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் முறத்தில் எடுத்து வைத்தேன். கடைசி வாரம் 31 கொட்டை சேர்ந்தது. படியேறி வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது. தை மாதத்துப் பனி கிணற்று விளிம்பு வரைக்கும் இறங்கி நின்றது. துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "எத்தனை கொட்டைப்பா?" என்றுதான் முதலில் கேட்டாய்.

இராயக்கோட்டைச் சாலையில் ஏற்றம் ஏறும்போது நான் மொபெட்டில் பின்னால் வந்தேன். தண்ணீர், உப்பு, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாம் நீ அளந்து வைத்ததுதான். பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும், பசி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்வாய். நாற்பது வருடமாகக் கழனியில் நிற்கிறேன், எனக்கு இது புதிது. சைக்கிளிலிருந்து இறங்கி, மூச்சு வாங்காமல் செருப்பு மாற்றுவதுபோல் ஷூவை மாற்றிக்கொண்டு ஓடுவாய். முதல் ஒரு கிலோமீட்டர் உன் கால் உன் பேச்சைக் கேட்காது. மிதித்துப் பழகிய தசைக்கு ஓட்டம் சட்டென்று பிடிபடாது, அதற்காகத்தான் இந்தப் பயிற்சி என்றாய். அப்படி ஒருநாள் ஓடி முடித்து நின்றபோது உன் கருப்புச் சட்டையின் தோளில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்றேன். என்ன யோசித்தேன் என்று நீ கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். அம்மாவைத்தான் நினைத்தேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். 2010-இல் அம்மாவுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தபோது நீ பிளஸ் ஒன். டாக்டர் ஒருவர் வெள்ளைப்படுதல் என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகுதான் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அதுவும் முற்றியது என்றார்கள். கதிர் வைப்பதற்கு அடிவயிற்றில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியக்கூடாது என்பதற்காக ஐந்து வாரமும் ஈரத்துணியால் பட்டும் படாமலும்தான் துடைத்துக்கொண்டாள். அங்கே எங்களை மரியாதையாக நடத்தினார்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த மருத்துவமனையை 1954-இல் தொடங்கினார் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் சொல்ல, உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு இரவு என்னிடம், "என் தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. அவளும் ஒரு தடவை பாத்துக்கட்டும்" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. ஊரில் எல்லோரிடமும் வயிற்றுப்புண், ஆபரேஷன் என்று சொன்னேன். அந்த நோயின் பெயரைக் கேட்டால் ஊர் என்ன பேசும் என்று எனக்குப் பயம். உனக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற பயமும் இருந்தது. அம்மா போன பிறகும் அந்தப் பொய்யைப் பதினான்கு வருடம் காப்பாற்றினேன்.

நீ பொங்கலன்று களத்தில் உட்கார்ந்து சொன்னதுதான் என்னை அரிக்கத் தொடங்கியது. இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1980-களில் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹௌசன் உன் ஊருக்குப் பக்கத்து ஹைடல்பெர்க்கில் இருந்தவர், 2008-இல் நோபல் பரிசு வாங்கினார் என்றாய். அதைவிட நம் திண்டுக்கல் கதைதான் என் மனதில் தங்கிவிட்டது. கிராமத்துப் பெண்களுக்கு நர்ஸ்களே புளிக்காடி போன்ற அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறினால் ஆரம்பத்திலேயே சிகிச்சை. ஏழெட்டு வருடம் தொடர்ந்து கணக்கெடுத்ததில், இப்படிப் பரிசோதித்த கிராமங்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அது அச்சில் வந்தது 2007. உன் அம்மாவுக்கு வந்தது 2010. ஆராய்ச்சி என்றால் எங்கோ கண்ணாடிக் குழாயில் நடப்பது என்று நினைத்திருந்தேன். நம்மைப் போன்ற ஊர்ப் பெண்களை உட்கார வைத்துச் செய்ததும் ஆராய்ச்சிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் சித்தி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். குடிக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "உன் அக்காவுக்கு வந்தது வயிற்றுப்புண் இல்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். உன்னிடம் சொல்லச் சொன்னாள், நான் சொல்லவில்லை." அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க போயி பாக்கணும் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். அவளோடு அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது, ஒன்பது வயதுப் பேத்திக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி எப்போது போடலாம் என்று நர்ஸிடம் கேட்டு வந்ததாகச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்காது.

அதன்பிறகு மண்டிக்காரர், மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டுகிற நம் பங்காளி, உன் பழைய வாத்தியார் என்று ஒவ்வொரு வீடாகப் போனேன். என் மகள் எதற்காக இப்படி நீந்துகிறாள், ஓடுகிறாள் என்று கேட்டவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லித்தான் விளக்கினேன். முதல் வீட்டில் குரல் நடுங்கியது. இதுவரை 23,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இங்கே சேர்வதை அடையாறுக்கே கட்டிவிடலாம் என்று நீ சொன்னபடி செய்கிறேன், ரசீது வந்ததும் அனுப்புகிறேன்.

கிணற்றில் இப்போது தண்ணீர் இறங்கிவிட்டது. ஜூன் கடைசியில் உன் போட்டி நடக்கும்போது இங்கே காய் பறிப்பு முடியும் நேரம். அன்றைக்கு ஆள் விடமாட்டேன். காலையிலிருந்து போன் கையில்தான் இருக்கும். கடைசி மூன்று வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்று நீயே சொன்னாய், அதை மறந்துவிடாதே. முழங்காலை அலட்சியம் செய்யாதே.

அம்மாவின் படம் இதனுடன் இருக்கிறது. அணைக்கட்டுப் பூங்காவில் எடுத்தது, நீ அவள் இடுப்பில் இருக்கிறாய். நன்கொடைப் பட்டியலில் சித்தியின் 500 ரூபாயைத் தனியாக எழுது. பெயர் போட வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். நேற்று பஸ் நிலையத்தில் பார்த்தபோது, "எங்க அக்கா பேருக்குக் கீழயே என் பேரையும் போடச் சொல்லுங்க மாமா" என்றாள்.

அன்புடன்,
அப்பா