சாவி யாரிடம் இருக்கும்?

அன்புள்ள கதிருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நாம் இருவருமே குரலை உயர்த்திவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடியும் பேசினால் பேச்சு அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் எழுதுகிறேன். எழுத்தென்றால் நீ குறுக்கே பேச முடியாது என்ற சௌகரியமும் எனக்கு இருக்கிறது.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியர்களுக்கான இ-3 வேலை விசாவில் இருந்தவரை துப்பாக்கி வாங்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக உனக்கு இடம் கொடுக்கவில்லை. இப்போது கிரீன் கார்டு வந்துவிட்டது. உன் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருக்கிறது. ஆகவே ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பொறுமையாகக் கேட்டிருப்பேன். "உங்கள் ஆஸ்திரேலியாவில் 1996இல் அரசாங்கம் மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டது; இங்கே அது உரிமை, யாரும் கைவைக்க முடியாது" என்றாய். 'பிடுங்கியது' என்ற அந்தச் சொல்தான் என்னைக் கிளறிவிட்டது. அப்போது உனக்கு ஏழு வயது. நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

1996 ஏப்ரல் 28ஆம் தேதி டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது ஏழு வாரந்தான் ஆகியிருந்தது. துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரம் இங்கே மாநிலங்களின் கையில் இருப்பதால், அவர் எல்லா மாநிலங்களின் காவல்துறை அமைச்சர்களையும் கூட்டிவைத்து, பன்னிரண்டாம் நாளே, அதாவது மே 10ஆம் தேதியே, ஓர் உடன்பாட்டை எட்டினார். சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களும், செமி ஆட்டோமேட்டிக் மற்றும் பம்ப் வகை ஷாட்கன்களும் பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்றும், தகுந்த காரணம் காட்டாதவருக்கு லைசென்ஸ் இல்லை என்றும், வாங்க விண்ணப்பித்தபின் 28 நாள் காத்திருக்க வேண்டும் என்றும் அதில் முடிவாயிற்று. தற்காப்பு என்பது தகுந்த காரணமாகாது என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டு நாடே கைதட்டியதாக இப்போது பலர் சொல்கிறார்கள். விக்டோரியா மாநிலத்தில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் அப்படி இல்லை. ஜூன் 16ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேல் நகரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் போட்டபோது ஹோவர்ட் நேரில் வந்து பேசினார். கோட்டுக்குள் அவர் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தது, முதுகுப் பக்கம் துணி விறைத்துக்கொண்டு நின்றதிலேயே தெரிந்தது. தன் சொந்த மக்களுக்கு நடுவே பிரதமர் அப்படி வந்து நின்றதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "நாங்கள் என்ன கொலைகாரர்களா?" என்று தொண்டை அடைக்கக் கேட்டார். அந்தக் கவசத்தை அணிந்தது தவறு என்று பின்னாளில் ஹோவர்டே சொன்னார். துணைப் பிரதமர் டிம் பிஷர் கிராமப்புற மக்களின் கட்சிக்குத் தலைவர். தன் சொந்த வாக்காளர்களிடமே போய் இந்தச் சட்டத்துக்காகப் பேசியதற்காக அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். எனக்குக் கேட்டால், அந்த ஆண்டில் ஹோவர்டைவிடத் துணிச்சல் காட்டியவர் அவர்தான் என்பேன்.

நீ 'பால் அங்கிள்' என்று கூப்பிட்டுத் திரிந்தாயே, பக்கத்துப் பால்பண்ணைக்காரர், அவர் வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. அவருடைய அப்பா வாத்து வேட்டைக்கு வைத்திருந்த பம்ப் ஷாட்கன் ஒன்று, முயல் சுடும் செமி ஆட்டோமேட்டிக் ஒன்று, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் பழைய ரைஃபிள் ஒன்று. முதல் இரண்டும் தடைக்குள் வந்துவிட்டன. பண்ணைக்காரர் என்ற முறையில் விலக்குக் கேட்டிருக்கலாம். "யாரிடமும் போய்க் கெஞ்ச மாட்டேன்" என்று மறுத்துவிட்டார். ஒப்படைக்கப் போன அன்று அந்த ஷாட்கனை, வழக்கமாகச் செய்வதுபோலவே, எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். விலைப் பட்டியலைப் பார்த்து ஒருவர் தொகை எழுதினார், இன்னொருவர் வாங்கிப் பின்னால் குவியலில் வைத்தார். அதைப் பிறகு வெட்டி நசுக்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பணம் வந்தது, சரியான விலைதான் என்று அவரே சொன்னார். ஆனால் அவருடைய அப்பாவின் கை பட்டு வழவழப்பாகியிருந்த அந்தக் கட்டைக்குப் பட்டியலில் எந்த விலையும் இல்லை.

இதைப் பிடுங்கியது என்று நீ சொல்லலாம். ஆனால் குடிமகனின் உடைமையை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று எங்கள் அரசியல் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் கிடையாது. உடைமைக்கு ஈடு பெறும் உரிமை உண்டு. அந்தப் பணத்துக்காக, பொது மருத்துவத்துக்கு வருமானத்தில் வாங்கும் மெடிகேர் வரியை ஓராண்டுக்கு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்த்தினார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நானும் நூறு டாலர் வருமானத்துக்கு இருபது சென்ட் வீதம் கொடுத்தேன், உன் பள்ளி ஆசிரியையும் கொடுத்தார். ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகள் அப்படித் திரும்பி வந்தன.

அதனால் என்ன பயன் என்றும் கேட்டாய். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. துப்பாக்கிச் சாவுகள் இங்கே 1996க்கு முன்பிருந்தே குறைந்துகொண்டுதான் வந்தன. அதன்பின் குறைந்ததில் எவ்வளவு இந்தச் சட்டத்தால் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டில் மட்டும் மெல்பர்னில் இரண்டு முறை, ஹாடில் தெருவில் 7 பேரும் குவீன் தெருவில் 8 பேரும் செத்திருக்கிறார்கள். 1991இல் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டு. போர்ட் ஆர்தருக்குப் பிறகு, 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே குடும்பத்தில் 7 பேர் இறக்கும்வரை, அந்த அளவில் ஒன்று நடக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தற்செயலாகக் கழிந்தன என்று சொல்பவர் சொல்லட்டும், எனக்கு மனம் ஒப்பவில்லை.

2025 டிசம்பர் 14ஆம் தேதி சிட்னியின் பாண்டை கடற்கரையில் 15 பேர் கொல்லப்பட்டதை நீ எடுத்துக்காட்டினாய். அது என்னை வாயடைக்கச் செய்யும் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் செய்தது என்பதும் உண்மை. சுட்டவர்களில் மூத்தவரிடம் முறையான லைசென்ஸும் ஆறு துப்பாக்கிகளும் இருந்தன. இன்று இந்த நாட்டில் பதிவான துப்பாக்கிகள் 40 லட்சத்துக்கு மேல். போர்ட் ஆர்தர் காலத்தில் இருந்ததைவிட அதிகம். 1996இல் கேட்ட 'எதற்காக வேண்டும்?' என்ற கேள்வியைப் பிறகு யாரும் அழுத்திக் கேட்கவில்லை. ஒருமுறை லைசென்ஸ் கொடுத்துவிட்டால் எத்தனை வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதற்கான நாடு தழுவிய பதிவேட்டுக்கே 2023 டிசம்பரில்தான் மாநிலங்கள் ஒப்புக்கொண்டன. இப்போது அறிவித்திருக்கும் புதிய திரும்ப வாங்கும் திட்டத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதல் திட்டம் ஒரு வகையையே இல்லாமலாக்கியது. இது எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறது. பத்தை நாலாக்கினால் நல்லவன் ஒருவன் மனம் நோவான், கெட்டவனுக்கு நாலே போதும்.

உன் நாட்டில் இதையெல்லாம் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2017ஆம் ஆண்டுக் கணக்கிலேயே அங்கே பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருந்தன. நகரங்கள் சனிக்கிழமை ஒரு நாள் மேசை போட்டு, பரிசு அட்டை கொடுத்து, பழைய துப்பாக்கிகளை வாங்கிக்கொள்வதால் பெரிதாக எதுவும் குறையாது. பரணில் துருப்பிடித்துக் கிடந்ததுதான் வரும். 1974இல் பால்டிமோர் நகரம் துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்துப் பார்த்த நாளிலிருந்தே இந்தக் குறை சொல்லப்படுகிறது. உன் உரிமையைப் பற்றியும் எனக்குச் சச்சரவில்லை. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கியைத் தடை செய்ததை மட்டும் அவர்கள் அடித்துவிடவில்லை. வீட்டில் உள்ள துப்பாக்கியைக் கழற்றியோ பூட்டியோ வைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். திருடன் வரும் நேரத்தில் பூட்டு இருந்தால் துப்பாக்கியால் என்ன பயன் என்பது அவர்களுடைய வாதம். அதில் தர்க்கம் இருக்கிறது. நான் முப்பது ஆண்டு மருத்துவனாக இருந்து பார்த்தது வேறு.

2006-07 வறட்சியில், புல்லெல்லாம் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குக் கடன்மேல் கடன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடியற்காலையில் என்னை ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். திருடன் யாரும் வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். அந்த வாரமே, இரவு ஒன்பது மணி இருக்கும், பால் அங்கிள் தன் பழைய ரைஃபிளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டாக்டர், கொஞ்ச நாளைக்கு இது உங்களிடம் இருக்கட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லைசென்ஸ் இல்லாத நான் அதை வாங்கி வைப்பது குற்றம் என்பதால், அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். சார்ஜென்ட் எதுவும் பேசாமல் ரசீது எழுதிக் கொடுத்தார். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கடையத்தில் உன் தாத்தா காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, இதே போல ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். ஒருநாளும் அதைத் தன் மானத்துக்குக் குறைவாக அவர் நினைத்ததில்லை. மழை வந்த பிறகு பால் அங்கிள் போய் ரைஃபிளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெட்டிச் சாவியை மட்டும் அன்றுமுதல் அவர் மனைவிதான் வைத்திருக்கிறார்.

உன் நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறவர்கள். வேறு வழிகளில் முயன்றவர்களில் மிகப் பலரை நான் பிழைக்கவைத்திருக்கிறேன், அவர்களில் அநேகர் மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. துப்பாக்கி அந்த வாய்ப்பைத் தருவதில்லை. 2014இல் நீ வேலையை இழந்து மெல்பர்னில் மூன்று மாதம் அறையை விட்டு வெளியே வராமல் இருந்ததை நாம் இதுவரை பேசியதில்லை. இப்போதும் பேச வேண்டாம். உன்னை நான் பலவீனன் என்று நினைக்கவில்லை. அந்த மூன்று மாதமும் இரவில் உன் அம்மா உன் அறைக் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்திருந்தாள் என்பதையாவது நீ தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சஸில், உன் பிளானோ வீட்டில், அந்தக் கதவுக்கு வெளியே நாங்கள் இருக்க மாட்டோம்.

வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முப்பத்தாறு வயதுக்காரனுக்கு அப்பன் கட்டளை போட முடியாது. கடைக்குப் போகும் முன்பு எங்கள் ஊர் வழக்கப்படி நீயே ஒரு 28 நாள் வைத்துக்கொள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், துப்பாக்கிக்கு முன்னால் இரும்புப் பெட்டியை வாங்கு, தோட்டாவுக்கு வேறு பெட்டி வாங்கு. ரம்யாவிடம் எல்லாவற்றையும் சொல், 2014ஐயும் சேர்த்து. பிறகு சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா