ஒன்பதாம் அத்தியாயம் எங்கே? பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை ஓடிடி தளங்களில் வெளியிடும் பொறுப்பில் இருப்போருக்கும் வணக்கம்.

சிறு வயதில் வாரம் தவறாமல் பார்த்து வளர்ந்த ஒரு தொடரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, இப்போது என் மகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்துவருகிறேன். தொடரின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் எழுதப்போவது அந்த ஒரு தொடருக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் சீசனில் எட்டாம் அத்தியாயம் முடிந்ததும் பத்தாம் அத்தியாயம் தொடங்கியது. நடுவில் ஒன்று இல்லை. அது நீக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பும் இல்லை. எண் தாவியிருப்பதைக் கவனித்தவள் என் மகள்தான். காணாமற்போனது எந்த அத்தியாயம் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பது அதுதான்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் சிறுவன் ஒருவன் வேறொரு தாய்மொழியின் சாயலோடு பேசுகிறான். நம் வீட்டுப் பிள்ளையாக நாங்கள் கொண்டாடிய கதாநாயகச் சிறுவன், பள்ளி விழா மேடையில் முகத்தில் கருமை பூசிக்கொண்டு அவனைப் போலவே பேசிக் காட்டுகிறான். அரங்கமே சிரித்து அதிர்கிறது. கடைசி இரண்டு நிமிடங்களில் அப்பா மகனைத் தனியே அழைத்து அறிவுரை சொல்ல, மகன் மன்னிப்புக் கேட்க, இருவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். அந்த அறிவுரை எங்களில் ஒருவர் மனதிலும் தங்கவில்லை. பேசிக் காட்டியது மட்டும் தங்கிவிட்டது. எங்கள் வகுப்பிலும் பேச்சு வேறுபட்ட ஒரு பையன் இருந்தான். மறுநாளே அவனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு முழுவதும் அவனை அப்படித்தான் அழைத்தோம், நானும் அழைத்தேன். அவன் வகுப்பில் வாய் திறப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஏன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே, அந்த அத்தியாயம் தீங்கற்றது என்று வாதாட இம்மடலை எழுதவில்லை. அது செய்த தீங்கைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன், அதில் எனக்கும் பங்குண்டு. அதனால்தான் அது எனக்கு வேண்டும் என்கிறேன். "அதில் என்ன இருந்தது?" என்று மகள் கேட்டபோது நினைவிலிருந்ததைச் சொன்னேன். ஆனால் அரங்கம் சிரித்த இடங்களில் நானும் எப்படிச் சிரித்தேன் என்பதை வெறும் சொற்களால் அவளுக்குக் காட்ட முடியவில்லை. காட்டியிருக்க வேண்டியதே அந்தச் சிரிப்பைத்தான்.

சிரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மகள் உறங்கிவிட்ட ஓர் இரவில், அவளை எழுப்பக் கூடாது என்று ஒலியை அடைத்துவிட்டு, சப்டைட்டிலை மட்டும் வைத்து ஓர் அத்தியாயத்தைப் பார்த்தேன். வேலையிலிருந்து களைத்து வந்த அம்மா, வீட்டில் யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை என்று சொல்கிறார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே ஒரு வரி பதில் சொல்கிறார். அம்மா பேசாமல் நிற்கிறார். இந்தக் காட்சியைச் சிறு வயதில் எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. அம்மா அங்கே நின்றது பின்னணியில் ஒலிக்கும் பார்வையாளர்களின் சிரிப்பு அடங்குவதற்காக என்பதும், அப்படிக் காத்திருப்பது நடிப்பின் நுட்பம் என்பதும் அறிவுக்குத் தெரியும். ஆனால் சிரிப்பொலி இல்லாத அந்த மூன்று நொடிகளில், மனம் நொந்துபோய், அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு பெண் தன் சொந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். அவர் முகத்தில் அது எப்போதும் இருந்திருக்கிறது. எங்கள் கவனத்தை அந்த முகத்திலிருந்து அப்பாவின் பதிலுக்குத் திருப்பிவிட்டது அந்த ஒலிதான்.

இதில் நடிகர்களையோ எழுத்தாளர்களையோ மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பதை அறிவேன். 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' போன்ற தொடர்கள் உண்மையான பார்வையாளர்களின் முன்னிலையில் படமாக்கப்பட்டன. அதே பத்தாண்டில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை விசைகளைத் தட்டி வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு ஒலிக்கச் செய்யும் பொறி ஒன்றை உருவாக்கினார். எவ்விடத்தில் மெல்லிய நகைப்பு, எவ்விடத்தில் வெடிச்சிரிப்பு என்பதைப் படத்தொகுப்பு முடிந்த பிறகு அறையில் அமர்ந்து முடிவு செய்ய அதனால் முடிந்தது. பார்வையாளர் இயல்பாகச் சிரித்ததும், பின்னர் சேர்க்கப்பட்டதும் ஒரே ஒலியாகக் கலந்து எங்கள் வீட்டுக்கு வந்தன. யாரைப் பார்த்துச் சிரிப்பது சரி என்பதற்குப் பெரியவர்கள் கூட்டமாகச் சேர்ந்து கொடுத்த அனுமதியாகவே ஒரு குழந்தை அந்த ஒலியைக் கேட்டது.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. தொடரில் அந்த அம்மா ஒரு வாரம் மனம் வெடித்துப் பேசினால், அடுத்த வாரம் அந்தப் பேச்சின் சுவடே இருக்காது. சிறு வயதில் இதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். நல்ல குடும்பத்தில் எல்லாம் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று நம்பினேன். உண்மையில் அது வணிகத்தின் தேவையாகவும் இருந்தது. அமெரிக்காவில் இத்தகைய தொடர்களின் பெரும் வருவாய் மறு ஒளிபரப்பு உரிமையை விற்பதிலிருந்தே வந்தது. அதற்கு ஏறக்குறைய 100 அத்தியாயங்கள் சேர வேண்டும் என்பது தொழிலில் நிலவிய கணக்கு. எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பார்ப்பவர் குழம்பாதிருக்க வேண்டுமானால், ஒவ்வொரு கதையின் முடிவிலும் குடும்பம் பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அந்த அம்மாவின் குறைக்கு எத்தனை சீசன் ஓடினாலும் தீர்வு வந்திருக்க முடியாது. இது தெரிந்த பிறகும் அந்த வீட்டின் மீது எனக்குள்ள பிரியம் குறையவில்லை. தொடக்க இசை கேட்டதும் நெஞ்சு நெகிழ்வதும், மறு நிமிடமே ஒரு வசனத்தில் உடல் கூசுவதும் ஒரே இருக்கையில் நடக்கின்றன.

ஒன்பதாம் அத்தியாயத்தை நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. 2020ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் பழைய நகைச்சுவைத் தொடர்களின் சில அத்தியாயங்களை விலக்கின. பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் 1975இல் வெளிவந்த ஓர் அத்தியாயத்தை அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு தளம் எடுத்துவிட்டு, சில நாள்களிலேயே எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் சேர்த்தது. இழிவுபடுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் அக்காட்சிகளை எதிர்பாராமல் எதிர்கொள்வது எவ்வளவு கொடியது என்பதை நான் மறுக்கவில்லை. என் வகுப்புத் தோழன் இன்று தன் பிள்ளையோடு இதே தொடரைப் பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது முன்னறிவிப்பு. ஆனால் சத்தமில்லாமல் எடுத்துவிடுவதால், அவருக்கு நடந்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்பதற்கு இருந்த ஒரே சான்றும் போய்விடுகிறது. தொடரோ எந்தக் களங்கமும் இல்லாத பழைய பொற்காலமாகப் புதிய தலைமுறைக்கு விற்கப்படுகிறது.

1952இல் 'ஐ லவ் லூசி' தொடரின் நாயகி லூசில் பால் உண்மையாகவே கருவுற்றிருந்தார். அவருடைய பாத்திரமும் கருவுற்றதாகக் கதை அமைந்தது. ஆயினும் அதைக் குறிக்கும் நேரடியான ஆங்கிலச் சொல்லை வசனத்தில் பயன்படுத்த அலைவரிசை அனுமதிக்கவில்லை. அந்த அத்தியாயங்கள் இன்றும் அப்படியே கிடைப்பதால்தான் ஒரு காலம் எதைக் கண்டு கூசியது, எதைக் கண்டு கூசவில்லை என்பதை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். எடுத்த அத்தியாயத்தை அதன் வரிசையில் திருப்பி வையுங்கள். அதற்கு முன்னால், எல்லாத் தொடருக்கும் பொதுவாக எழுதிய ஒற்றை வரியைப் போடாமல், இந்த அத்தியாயத்தில் யார் எவ்வாறு கேலி செய்யப்படுகிறார்கள், இது எந்த ஆண்டு முதலில் ஒளிபரப்பானது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்; வேண்டாதவர்கள் தாண்டிச் செல்லட்டும். ஒருவேளை உரிமைச் சிக்கலால் வைக்க முடியாதென்றால், எண் தாவும் இடத்தில் அதையாவது சொல்லுங்கள்.

சிரிப்பொலி தனித்தடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும் தொடர்களில், அது இல்லாமல் பார்க்கும் வசதியையும் தாருங்கள். பார்வையாளர் முன்னிலையில் பதிவானவற்றில் வசனத்திலிருந்து சிரிப்பைப் பிரிப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மாஷ்' தொடரின் டிவிடி பதிப்பில் சிரிப்பொலியை விலக்கிப் பார்க்கும் வசதி கொடுக்கப்பட்டிருந்தது. பார்ப்போரின் வேண்டுகோளுக்காக ஒரு பெரிய தளம் தன் வேலையைத் திருத்திக்கொண்டதும் உண்டு: 2019இல் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய அத்தியாயங்களை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி வெளியிட்ட டிஸ்னி பிளஸ், பார்வையாளர்கள் முறையிட்டதையடுத்து 2020 மே மாதத்தில் அசல் சட்டகத்திலேயே பார்க்கும் வழியைச் சேர்த்தது. ஒரு சட்டகத்துக்குச் செய்ய முடிந்ததை ஓர் அத்தியாயத்துக்கும் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

நாங்கள் பத்தாம் அத்தியாயத்தை இன்னும் பார்க்கவில்லை. ஒன்பதைப் பார்த்த பிறகு பார்க்கலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நானும் அதையே விரும்புகிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களோடு வளர்ந்த ஒரு பார்வையாளர்