பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக நிற்கலாமா என்று கேட்ட என் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

சென்ற சனிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்ல மனம் வரவில்லை. "டீச்சர், ஸ்கூல் கமிட்டித் தலைவருக்கு என் பேரைக் கொடுக்கலாமா?" என்று கேட்டாய், நான் வாய் திறப்பதற்குள் அது ஏன் சரிப்படாது என்பதற்கான காரணங்களையும் நீயே அடுக்கிவிட்டாய். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, வாத்தியார்களைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்று சொல்லும் மாமியார், வார்டு உறுப்பினரின் ஆட்கள் ஏற்கெனவே வேறொருவரைப் பேசி முடித்துவிட்டதாக ஊரில் உலவும் பேச்சு. உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் பிற ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரையும் நம் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

நீ நிற்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணியின் கடைசி ஒன்பது ஆண்டுகள் நான் தலைமையாசிரியையாக, அந்தக் குழுவின் கூட்டுநராக, மேசைக்கு மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவள். எப்படிப்பட்ட தலைவர் வாய்த்தால் தலைமையாசிரியருக்கு நிம்மதி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அழைத்தால் வர வேண்டும், வராவிட்டாலும் குறையில்லை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்டவர்களைத்தான் நானும் தேடினேன், கண்டுபிடித்தும் வைத்திருந்தேன்.

முதலில் இந்த இடம் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள். பலரும் இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கழகத்தின் தலைவராக, பள்ளியில் பிள்ளை படிக்காத ஊர்ப் பெரியவர் ஒருவரே ஆண்டுக்கணக்கில் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மேலாண்மைக் குழு அப்படியல்ல. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் 20 பேருடன் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும் என்பது வழக்கத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து எண்ணிக்கை 24 ஆயிற்று. பதவிக்காலம் இரண்டாண்டு. வார்டு உறுப்பினருக்குக் குழுவில் இடம் உண்டு. ஆனால் அவர் விரும்பினாலும் தலைவராக முடியாது. அந்த நாற்காலிக்கான முதல் தகுதி நான்காம் வகுப்பில் படிக்கும் உன் மகள்.

அதனால்தான் ஊரில் உள்ளவர்கள் தாங்கள் உட்கார முடியாத நாற்காலியில் தங்களுக்கு அடங்கியவரை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். பெண் ஊராட்சித் தலைவரின் கணவர் கூட்டத்துக்கு வந்து பேசுவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்திலும் அது நடக்கிறது. உன் வீட்டுக்காரர் நல்லவர்தான். இருந்தாலும் கூட்டத்துக்கு அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகாதே.

இப்போது நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். என் காலத்தில் குழுத் தலைவராக இருந்த தாய் ஒருவர் பீடி சுற்றுபவர். கூட்டம் நடத்த அவர் வேலை ஒழிந்த நேரம் பார்த்துக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அதனால் தீர்மானப் பதிவேட்டை நானே எழுதி முடித்து, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிவரச் செய்வேன். ஒருநாள் அவரே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்து, "இதில் என்ன எழுதியிருக்கு டீச்சர்?" என்று கேட்டார். "வழக்கமானதுதான்மா" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வழக்கமானவற்றுள் ஒன்று, மாணவியர் கழிப்பறை நல்ல நிலையில் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி. கழிப்பறை இருந்தது; கதவும் இருந்தது; மோட்டார் பழுதாகித் தண்ணீர் மட்டும் பல மாதங்களாக வரவில்லை. மேலிடத்திலிருந்து குறை கேட்டு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதினேன். அடுத்த ஆண்டு பழுதடைந்த கழிப்பறைகளைச் சீரமைப்பதற்கான பட்டியல் தயாரானபோது நம் பள்ளியின் பெயர் அதில் இல்லை. விசாரிக்கப் போன என்னிடம் எழுத்தர் எங்கள் தீர்மானத்தின் நகலையே எடுத்துக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பெண்கள் வீட்டுக்குப் போகும் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த இன்னோர் ஆண்டுக்கு அந்த ஒரு வரிதான் காரணம். நான் எழுதிய பொய்யில் அந்தத் தாயின் கையெழுத்தும் இருந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே, படிப்புப் போதாது என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்தப் பதிவேட்டை வாசிப்பதற்குப் பத்தாம் வகுப்புத் தாராளம். கூட்டம் முடிந்த பிறகு, எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொல். எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடைத்துவிட்டுக் கையெழுத்திடு. வீட்டுக்குப் பதிவேடு வந்தால் திருப்பி அனுப்பு. இவற்றைச் செய்யும் தலைவரைத் தலைமையாசிரியருக்கு முதல் இரண்டு மாதம் பிடிக்காது. மூன்றாம் மாதத்திலிருந்து அவர் உண்மையை எழுதத் தொடங்கிவிடுவார், ஏனென்றால் அதுதான் வேலை குறைவு.

மாமியார் சொல்லும் பயம் லேசானதல்ல. வாத்தியாரைக் கேள்வி கேட்டவரின் பிள்ளையை வகுப்பில் ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்கள் உண்டு என்பதை முப்பதாண்டு ஆசிரியர் அறைக்குள் இருந்த நான் மறுக்க முடியாது. அதற்கு நான் கண்ட மருந்து, எதையும் தனியாகக் கேட்காமல் இருப்பதுதான். வகுப்பு வாசலில் நின்று நீ கேட்டால் அது உன் மகளின் அம்மா கேட்டதாகிறது. அதே கேள்வியைக் கூட்டத்தில் நான்கு தாய்மார்கள் சேர்ந்து எழுப்பினால் அது குழு கேட்டதாகிறது. மேலும், கேட்கும் முன் காரணத்தை விசாரி. ஓர் ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில் இல்லையென்றால் அவர் சோம்பேறி என்று முடிவுகட்டாதே. பயிற்சிக்கோ, பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவேற்றத்துக்கோ இழுக்கப்பட்டிருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியருக்காகவும் குழு தீர்மானம் போடலாம் என்று தெரிந்தால் உன்னைப் பகைவராகப் பார்க்கும் கண்கள் குறையும். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு தீர்மானம்கூட எனக்காக யாரும் போட்டதில்லை. போடச் சொல்லி நானும் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். எண்பது சொச்சம் பிள்ளைகள் உள்ள நம் பள்ளிக்கு 25,000 ரூபாய் என்றால், தூய்மைக்கு 2,500. மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். பினாயில் வாங்கலாம், ஆள் வைக்க முடியாது. நிதி தாமதமாக வரும் ஆண்டுகளில் தலைமையாசிரியர் கைக்காசைப் போட்டுச் செலவு செய்துவிட்டுப் பிறகு பில்லைத் தேடுவார் என்பதையும் தெரிந்துகொள். கணக்கைக் கேட்பது சந்தேகப்படுவதாகாது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது சட்டம் குழுவுக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கிப் புத்தகத்தை மேசைமீது வைக்கச் சொன்னால் போதும், தனியாகக் கணக்குக் கேட்க வேண்டிய சங்கடமே வராது.

இந்தப் பதவியில் உனக்கு ஒரு ரூபாய்கூட வராது என்பதை உன் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடு. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுகிறது. அது ஆசிரியர்களுக்கு வசதி. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். காலனியிலிருந்து வரும் தாய் ஒருவர் குழுவில் வாய் திறப்பதில்லை என்று நாம் குறைபடுகிறோம். அவர் அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீ தலைவரானால் கூட்ட நேரத்தை அவர்களைக் கேட்டு வை. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் உன்னிடம் வற்புறுத்திக் கேட்கிறேன்.

ஒரு சபலத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2022இல் அரசு 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பை மேலாண்மைக் குழுக்களிடம் கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம். வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்ற எதிர்ப்பு எழுந்தது, நீதிமன்றம் வரை போயிற்று. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வந்தால், பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் உறவுக்காரப் பெண்கள் எத்தனை பேர் என்பது உனக்கே அப்போதுதான் தெரியவரும்.

குழுவால் என்ன முடியாது என்பதையும் அறிந்துகொள். யாரையும் இடமாற்றம் செய்ய முடியாது, சம்பளத்தைப் பிடிக்க முடியாது. எழுத முடியும், அனுப்ப முடியும், கிராம சபையில் அதையே எழுப்ப முடியும். ஆனால் 22ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றை நீ கெட்டியாகப் பிடித்துக்கொள். அரசு தரும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சென்ற ஆண்டுத் தாளில் தேதியை மாற்றுவதோடு அது முடிந்துவிடுகிறது. நானும் மாற்றியிருக்கிறேன். சட்டத்தின் பின்னிணைப்பாக ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட்டிடம், நூலகம், மாற்றுத்திறனாளிக் குழந்தை தடையின்றி வந்துபோகும் பாதை. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியை ஒருமுறை சுற்றிவா. இல்லாதவற்றை எழுதினால் அதுவே திட்டம். சாய்தளம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, அதில் சக்கர நாற்காலி ஏறுமா என்று பார்.

வார்டு உறுப்பினரின் ஆட்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பேசி முடித்துவிட்டார்கள் என்ற பேச்சைப் பரப்புவதே அவர்களுடைய வேலையில் பாதி. கூட்டத்துக்குப் பெற்றோர் வந்து, இன்னொரு பெயரும் சொல்லப்பட்டு, கைகள் உயர்ந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உன் பெயரை நீயே சொல்லக் கூச்சமாக இருந்தால், உன் தெருவில் யாரையாவது முன்மொழியச் சொல்லி வை. காலனித் தாய்மார்களை நீயே நேரில் போய்ப் பார்.

தேர்வானதும் பழைய தீர்மானப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படி. தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில், கீழ்த்தட்டில், பச்சைத் துணி அட்டை போட்டவை இருக்கும். கழிப்பறை பற்றிய அந்த வரி இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. தலைவரின் கையெழுத்துக்குக் கீழே இருப்பது என்னுடையது.

அன்புடன்,
உன் பழைய டீச்சர்