லேப்டாப் குடுத்தாச்சு, அதைப் பேச வைக்கிறவங்களுக்கு யார் குடுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பார்வை இல்லாத காலேஜ் பசங்களுக்கு ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணத்துல (சமூகப் பணிக்குன்னு கம்பெனிங்க ஒதுக்குற பணம்) லேப்டாப் குடுத்த செய்தியை உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க. நல்ல காரியம், குறை சொல்ல எழுதல. நானும் பார்வை இல்லாதவன்தான், அரசுப் பள்ளியில வாத்தியாரா இருக்கேன், அதனால அந்தப் பசங்க வீட்டுக்குப் போய் பெட்டியைப் பிரிச்சதும் முதல் வேலையா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். என்விடிஏ இறக்குவாங்க. ஸ்க்ரீன்ல இருக்கிறதை வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர் அது, ஸ்க்ரீன் ரீடர்னு சொல்வாங்க, காசு கிடையாது. அந்தச் செய்தியில லேப்டாப் மாடல் இருந்துச்சு, ரேம் எவ்வளவுன்னு இருந்துச்சு, மேடையில யார் யார் இருந்தாங்கன்னு இருந்துச்சு, என்விடிஏ பத்தி ஒரு வரி இல்ல. எப்பவும் இப்படித்தான் நடக்குது, அதான் எழுதுறேன்.

என்விடிஏ ஆஸ்திரேலியாவுல 2006-ல மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அப்புறம் அவர் ஃப்ரெண்ட் ஜேம்ஸ் டே சேர்ந்தார், ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது. அப்ப விண்டோஸ்ல நல்லா வேலை செய்ற ஸ்க்ரீன் ரீடர் வேணும்னா ஜாஸ் மாதிரி ஒண்ணை ஆயிரம் டாலர் பக்கம் காசு குடுத்துதான் வாங்கணும், பல சமயம் கம்ப்யூட்டரை விட அதுக்கு விலை ஜாஸ்தி. இவங்க ஓப்பன் சோர்ஸா (யார் வேணும்னாலும் உள்ள பார்த்து மாத்தலாம்) எழுதி, என்வி ஆக்சஸ்னு ஒரு தொண்டு நிறுவனம் வச்சு, ஃபயர்பாக்ஸ் பிரவுசர் செய்ற மொசில்லா குடுத்த நிதியில முழுநேரமா உட்கார்ந்து வளர்த்தாங்க. இன்னைக்கு என்கிட்ட கம்ப்யூட்டர் கத்துக்க வர்ற பசங்கள்ல என்விடிஏ இல்லாம கத்துக்கிட்டவன் ஒருத்தன் கூட கிடையாது.

இலவசம்னா நமக்கு இலவசம், அவ்வளவுதான். விண்டோஸ் அப்டேட் வந்தா ஏதோ ஒண்ணு உடையும், பிரவுசர் மாறினா இன்னொண்ணு உடையும், அதை யாராவது சம்பளம் வாங்கிட்டு உட்கார்ந்து சரி பண்ணியாகணும், வருஷத்துக்கு நாலு வெர்ஷன் சும்மா வந்துடாது. காசு குடுக்கிறவங்க கை விட்டா என்ன ஆகும்னு பார்க்க, விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல ஓர்க்கான்னு இருக்கிற ஸ்க்ரீன் ரீடர் கதையைப் பாருங்க. அமெரிக்காவுல இருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி தனியா ஆள் போட்டு அதை வளர்த்துச்சு, 2010-ல ஆரக்கிள் சன்னை வாங்கினதும் அந்த டீமே கலைஞ்சு போச்சு, அப்புறம் பல வருஷம் கிட்டத்தட்ட ஒரே ஒரு அம்மா தோள்ல அது நின்னுச்சு. என்விடிஏல வர்ற ஈஸ்பீக் குரலும் அப்படித்தான், இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் தனியாளா எழுதினது, அவர் ஒதுங்கின பிறகு 2015 கடைசியில வேற சிலர் எடுத்து ஈஸ்பீக் என்ஜி (NG)ங்கிற பேர்ல தொடர்றாங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா உலகம் பூரா பார்வை இல்லாதவங்க காத்திருக்கணும்ங்கிற நிலைமை.

இப்ப தமிழுக்கு வர்றேன். ஈஸ்பீக் தமிழ் குரல் ரோபோ மாதிரி இருக்கும், கேட்டவங்க சிரிப்பாங்க, ஆனா கீயை அழுத்தின நொடியில பேசும், வேகத்தை எவ்வளவு ஏத்தினாலும் புரியும், அதனால நாங்க அதை விடறதில்ல. அதுக்கு எப்படிப் படிக்கணும்னு சொல்றது ரெண்டு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், ஒண்ணுல விதி, இன்னொண்ணுல விதிக்கு அடங்காத சொற்கள். பழம்னு எழுதவும் அதே ப, பஸ்னு எழுதவும் அதே ப, நமக்கு பழக்கத்துல தெரியும், மெஷினுக்கு யாராவது எழுதி வைக்கணும். ஊர் பேர், ஆள் பேர், மருந்து பேர், கோர்ட் வார்த்தைன்னு இந்தப் பட்டியல் முடியவே முடியாது, ஒரு சொல்லுக்கு ஒரு வரி. இதைப் பண்ண கோடிங் தெரியணும்னு அவசியமே இல்ல, காது வேணும், தமிழ் தெரியணும், பொறுமை வேணும். ரிட்டயர்டு தமிழாசிரியர்கள் நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, அவங்க பட்டியல் எழுதிக் குடுத்தா கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு பையன் அதை ஃபைல்ல சேர்த்து அனுப்பிடுவான். என்விடிஏ மெனு, யூசர் கைடு தமிழாக்கம் எல்லாம் கிரவுடின்ங்கிற தளத்துல பிரவுசர்லயே பண்ணலாம். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் புதுசா வரிகள் வந்துட்டே இருக்கும், அதை ஒண்ணு ரெண்டு பேர் தலையிலயே கட்டி வச்சா அவங்களும் எத்தனை வருஷம்தான் இழுப்பாங்க.

இன்னொரு உதவி இருக்கு, இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. ஏதாவது வேலை செய்யலன்னா நம்ம பசங்க வாட்சப் குரூப்ல புலம்பிட்டு விட்டுடுவாங்க, ஏன்னா எது உடைஞ்சிருக்குன்னு சொல்ற பக் ரிப்போர்ட்டை கிட்ஹப்ங்கிற புரோகிராமர்கள் தளத்துல இங்கிலீஷ்ல எழுதணும். எந்த வெர்ஷன், எந்த ஆப், என்ன கீ அழுத்தினோம், என்ன சொல்லியிருக்கணும், என்ன சொல்லிச்சு, அப்புறம் இன்சர்ட்டும் எஃப்1-ம் சேர்த்து அழுத்தினா வர்ற லாக் (என்விடிஏ எழுதி வைக்கிற பதிவு), இதெல்லாம் சேர்த்துக் குடுத்தாத்தான் அங்க இருக்கிறவங்களுக்குப் புரியும். இங்கிலீஷ் நல்லா எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் வாரத்துல ஒரு சாயங்காலம் போன்ல கேட்டு எழுதிக் குடுத்தா போதும். தமிழ்ல என்ன உடைஞ்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சரி பண்ணுவாங்க.

இன்ஜினியரிங் காலேஜ்காரங்ககிட்ட ஒரு வேண்டுகோள் (கோவிச்சுக்காதீங்க). வருஷா வருஷம் ஃபைனல் இயர் பசங்க பார்வை இல்லாதவங்களுக்கு சென்சார் வச்ச குச்சி செய்றாங்க, பீப் பீப்னு கத்தும், வைவா முடிஞ்சதும் அலமாரிக்குப் போயிடும். எங்ககிட்ட குச்சி இருக்கு சார், நல்லாவே இருக்கு. அந்த ஆறு மாசத்துல என்விடிஏல ஒரு பக் சரி பண்ணட்டும், அது பைத்தான்ங்கிற புரோகிராம் மொழியிலதான் பெரும்பாலும் எழுதியிருக்கு, இல்லன்னா லிப்லூயிஸ்னு பிரெயிலுக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, அதுல தமிழ் பிரெயில் சரியா வருதான்னு பிரெயில் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வச்சு சோதிக்கட்டும்.

பணம் விஷயம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 படி ஓரளவு பெரிய கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்குச் செலவு பண்ணணும், மாற்றுத்திறனாளிகள் கல்வி, பிழைப்பு எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா அந்தப் பணம் இந்தியாவுல நடக்கிற வேலைக்குத்தான் போகணும், ஆஸ்திரேலியாவுக்கு நேரா அனுப்பி அதை சிஎஸ்ஆர் கணக்குல காட்ட முடியாது, தனி ஆள் அனுப்பினாலும் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு வராது. சரி, அனுப்ப வேண்டாம். இங்க ஒரு பல்கலைக்கழகத்துலயோ பதிவு பண்ணின டிரஸ்ட்லயோ ரெண்டு பேரை மூணு வருஷத்துக்கு சம்பளம் போட்டு வையுங்க, ஒருத்தர் புரோகிராமர், ஒருத்தர் பார்வை இல்லாத டெஸ்ட்டர், வேலை முழுக்க தமிழ் குரல், தமிழ் பிரெயில், என்விடிஏ. அவங்க எழுதுறது ஓப்பன் சோர்ஸா உலகத்துக்கே போகும், செலவு இந்தியாவுலயே நிக்கும். ஐஐடி மெட்ராஸ் தலைமையில மத்திய அரசு பணத்துல இந்திய மொழிக் குரல்கள் ஏற்கனவே உருவாக்கியிருக்காங்க, அதனால எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்க வேண்டியதும் இல்ல. ஜெரோதாங்கிற ஷேர் புரோக்கர் கம்பெனி 2024-ல வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர்னு ஓப்பன் சோர்ஸுக்குன்னே ஒரு நிதி ஆரம்பிச்சாங்க, அந்த மனசு நம்ம ஊர் கம்பெனிங்களுக்கும் வரணும். புது ஆப் மட்டும் வேண்டாம், தயவு செஞ்சு. ரிப்பன் வெட்டி ஆரம்பிப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு புது போன்ல திறக்காது, கேட்டா அந்த புராஜெக்ட் முடிஞ்சு போச்சும்பாங்க. பராமரிப்புக்குக் காசு குடுத்தா போட்டோ எடுக்க ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரியும், ஆனா எங்களுக்கு வேண்டியது அதுதான்.

கடைசியா உங்ககிட்டயும் ஒண்ணு சார், உங்க இ-பேப்பர் பக்கங்கள் படமா வருது, படமா இருக்கிறதை ஸ்க்ரீன் ரீடரால நேரா எழுத்தாப் படிக்க முடியாது, வெப்சைட்ல போடுற செய்தியை மட்டும்தான் நான் படிக்க முடியுது. இந்தக் கடிதத்தைப் போட்டா வெப்சைட்லயும் போடுங்க.

இப்படிக்கு,
பார்வையற்ற ஆசிரியர் ஒருவர்,
திருச்சி