செவுள் புழுவுக்கு ஒரு முறை மருந்து போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்லா, ரோகு மீன் குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்தால், ஆக்சிஜன் குறைவு என்று முடிவுகட்டி, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுகிறோமே தவிர, செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பவர் அரிது. செவுள் வெளிறிச் சளி படிந்திருந்தால், டாக்டைலோகைரஸ் என்னும் தட்டைப்புழு கொக்கிகளால் பற்றியிருக்கக்கூடும். இடையில் தங்கி வளர நத்தை போன்ற வேறோர் உயிர் (இடைநிலை ஓம்புயிர்) எதுவும் இதற்குத் தேவையில்லை. புழு இடும் முட்டை வெதுவெதுப்பான நீரில் சில நாட்களிலேயே பொரிந்து, நுண்மயிர்களால் நீந்தும் இளம்புழு அடுத்த மீனைப் பற்றி, அதன் செவுளிலேயே முதிர்ந்து தானும் முட்டையிடுகிறது. மருந்துக் குளியல் புழுவைக் கொன்றாலும், கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் முட்டை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எனவே முட்டைகள் பொரிந்த பின், புதுப்புழுக்கள் முட்டையிடுமுன் மறுமுறை சிகிச்சை தேவை என்பதைக் குஞ்சு விற்கும் பண்ணைகள் ரசீதிலேயே அச்சிட்டுத் தர மீன்வளத் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பு விவசாயி ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்