‘பாம் கிராஸ்’னு மட்டும் போட்டா எப்படிங்க கண்டுபிடிக்கறது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

தீபாவளி நோம்பி முடிஞ்ச கையோட உங்க பேப்பர்ல சின்ன விளம்பரப் பக்கத்துல காணாமப்போன நாய் விளம்பரம் வரிசையா வரும், வருசா வருசம் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எல்லாம் வெடிச் சத்தத்துக்கு அரண்டு ஓடுன ஜீவனுங்க. அதுல முக்காவாசி ‘பாம் கிராஸ், செவலை, கண்டால் தகவல் தரவும்’னு ஒரே வரில முடிஞ்சிருது. பாம் கிராஸ்னா பொமரேனியன் கலப்புங்க. கோயமுத்தூர்ல இருந்து தாராபுரம் வரைக்கும் தெருவுக்கு ஒண்ணு அப்படித்தானுங்க இருக்குது, இத வெச்சுட்டு யாரு எந்த நாயைன்னு தேடறது? இனத்துப் பேர விட்டுட்டு அந்த நாய் பாக்க எப்படி இருக்கும்னு எழுதுங்க, எழுத வைங்க. இதக் கேக்கத்தான் இந்த லெட்டர்.

எங்க ஊட்டு சீனியவே எடுத்துக்கோங்க. அவளோட ஆத்தா வெள்ளை பாம், அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது. (நாம பாம்னு சொல்றது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தானுங்க, அசல் பொமரேனியன் 3 கிலோவத் தாண்டறதே கஷ்டம்.) சீனி ஏழு கிலோ இருக்கறா, தோள் மேட்டுல டேப் வெச்சா ஒரு அடி. உடம்பு நீளம், கால் குட்டை, முன்னங்கால் பாதம் ரெண்டும் லேசா வெளிய பாத்துத் திரும்பியிருக்கும். முடி குட்டைதான், ஆனா விரல விட்டு நீவுனா உள்ள மெத்துன்னு அடிமுடி இருக்குது, வால்லயும் தொடைக்குப் பின்னாலயும் மட்டும் கொஞ்சம் நீளம். நெறம் செவலை, நெஞ்சுல வெள்ளை, நாலு பாதமும் வெள்ளை, வால் நுனில ஒரு சிட்டிகை வெள்ளை. வலது காது நட்டமா நிக்கும், இடது காது பாதில மடிஞ்சு விழும், வால் முதுகு மேல இடது பக்கமா சுருண்டுக்கும். கருப்பு மூக்குல ஓரமா ஒரு ரோஸ் புள்ளி, கீழ்ப்பல்லு கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கறதால வாய மூடுனாலும் ரெண்டு பல்லு தெரியும், இடது பின்னங்கால்ல மட்டும் உள்பக்கமா மேல ஒரு நகம் எச்சாத் தொங்குது. இத்தனையவும் ‘பாம் கிராஸ்’ங்கற ரெண்டு வார்த்தைல எங்கீங்க அடைக்க முடியும்?

கலப்பு நாய்ல ஆத்தா அப்பன் சாடை அப்படியே வரும்னு நெனைக்கறதுலதான் சிக்கல். நீள முடி நாயும் குட்டை முடி நாயும் சேந்தா மொதல் ஈத்துல பெரும்பாலும் குட்டை முடிதான் வரும், நீள முடி ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும், அதனால சடை சடையா இருக்கற பாமுக்கு வழவழன்னு குட்டி பொறக்கறதுல அதிசயமே இல்லீங்க. வெள்ளைத் தாய்க்குக் கருப்புக் குட்டியும் பொறக்கும். ஒரே ஈத்துக்கு ரெண்டு அப்பன் இருக்கறதும் நாய்ல நடக்கறதுதான். கால் குட்டைக்கும் காரணம் இருக்குது, டேஷ்ஹண்ட், கோர்கி, பாசெட்ங்கற குட்டைக்கால் இனம் எல்லாத்துக்கும் ஒரே மரபணுவோட எச்சா ஒரு நகல்தான் கால குட்டையாக்குதுன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க, ஆத்தா அப்பன்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும் கால் குட்டையாயிரும். அதே 2009ல அமெரிக்கால நாய்க் காப்பகத்துல இருந்து தத்துக் குடுத்த 20 கலப்பு நாய எடுத்து, காப்பகத்துக்காரங்க கண்ணால பாத்துச் சொன்ன இனத்தையும் டிஎன்ஏ சொன்ன இனத்தையும் ஒப்பிட்டுப் பாத்தப்ப பெரும்பாலும் ஒத்தே போகல. நாயோடவே பொழங்கறவங்களுக்கே இந்தக் கதின்னா ரோட்டுல போறவங்க பேர வெச்சு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த வெள்ளை விழற சங்கதிதான். வயித்துக்குள்ள குட்டி உருவாகறப்ப நெறம் குடுக்கற செல்லு முதுகுப் பக்கம் பொறந்து அங்கிருந்து கீழ எறங்கிப் பரவுதுங்க, கடைசியாப் போய்ச் சேரற எடம் நெஞ்சு, பாதம், வால் நுனி, முகத்து முன்பக்கம். அங்க போய்ச் சேராம நின்னு போச்சுன்னா அந்த எடம் வெள்ளையாவே இருந்துரும். அதனாலதான் எந்த நாயப் பாத்தாலும் வெள்ளை அந்த எடங்கள்லயே இருக்குது, ஆனா எவ்வளவு தூரம் எறங்குச்சுங்கறது குட்டிக்குக் குட்டி மாறும், கூடப் பொறந்ததுக்குக் கூட அச்சா அதே மாதிரி விழாது. அடையாளம்னா இதுதானுங்க மொதல் அடையாளம், விளம்பரத்துல இது வராம இருக்கவே கூடாது.

எங்க சின்னம்மா ஊட்டு நாய் ஒரு தீபாவளிக்கு இட்டேரி வழியா ஓடி பக்கத்தூரு தோட்டத்துச் சாளைல போய் ஒண்டிக்கிச்சு. அங்க இருந்தவங்க தங்கமான மனுசங்க, சோறு வெச்சுப் பத்தரமாப் பாத்துட்டாங்க, விளம்பரத்தையும் படிச்சிருக்காங்க, ஆனா ‘பொமரேனியன்’னு போட்டிருந்ததால சடை வெச்ச வெள்ளை நாய்னு நெனச்சுட்டு, இது வேற ஏதோ நாட்டு நாய்க்குட்டின்னு விட்டுட்டாங்க. அப்பறம் பால் எடுக்க வர்ற பையன் நெத்திலிருந்து மூக்கு வரைக்கும் போற வெள்ளைக் கோட்டப் பாத்து, இது சின்னம்மா ஊட்டு நாயாச்சேன்னு சொன்ன பொறகுதான் திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள சின்னம்மா அழுத அழுகை இருக்குதே, அது எந்த ஊட்டுக்கும் வேண்டாமுங்க.

போட்டோ போடறவங்களும் குட்டில எடுத்த போட்டோவப் போடறாங்க. காங்கேயம் கன்னுக்குட்டி பொறக்கறப்ப செவலையாப் பொறந்து ஆறு மாசத்துல சாம்பலுக்கு மாறறத நம்ம பக்கம் பாக்காதவங்க இல்ல, நாயும் அப்படித்தானுங்க. சீனி கண்ணத் தொறந்தப்ப மூஞ்சியும் முதுகும் கருகருன்னு இருந்துச்சு, இப்ப காது நுனில மட்டுந்தான் கருப்பு மிச்சம். காதும் பல்லு மொளைக்கற சமயத்துல ஏறி எறங்கி ஆட்டங்காட்டும், வளந்த பொறகுதான் ஒரு நெலைக்கு வரும். அதனால இப்ப எடுத்த போட்டோவா இருக்கோணும், மேல நின்னுக்கிட்டு எடுக்காம குத்தவெச்சு நாயோட கண்ணு மட்டத்துல ரெண்டு பக்கமும் எடுக்கோணும், வெடியால வெயில்லயோ பொழுதோட வெயில்லயோ எடுத்தா நெறம் நெறமாத் தெரியும்.

இன்னொண்ணு, கோடைல பாவம்னு பாம் கலப்பு நாய்க்கு மொட்டை அடிச்சு உடறாங்க. தயவு செஞ்சு வேண்டாமுங்க. வெளிமுடி, அடிமுடின்னு ரெண்டு அடுக்கு இருக்கற ஒடம்புக்கு அதுதான் வெயிலயும் தடுக்குது, சீப்பு போட்டு உதிர்ற அடிமுடிய எடுத்து உட்டாலே காத்து உள்ள போகும். மொட்டை அடிச்சா சிலதுக்கு முடி திட்டுத் திட்டாத்தான் திரும்ப மொளைக்கும், சொந்தக்காரங்களுக்கே அடையாளம் தெரியாமப் போயிரும். அப்படி அடிச்சு உட்டிருந்தாங்கன்னா அதையும் விளம்பரத்துல சொல்லிப் போடோணும்.

தடுப்பூசி கார்டுலயும் கலப்பு நாய்ன்னா இனம்ங்கற எடத்துல ‘என்.டி.’ன்னு (நான்-டிஸ்கிரிப்ட், அதாவது இன்ன இனம்னு சொல்ல முடியாதது) ரெண்டெழுத்தோட முடிஞ்சிருது, டாக்டருங்க அதுக்குப் பக்கத்துலயே மார்க் என்னென்னன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா அதுவே ஊட்டுல ஒரு ரெக்கார்டா இருக்கும். தோலுக்கடில வெக்கற மைக்ரோசிப் இருக்குதேம்பாங்க, 15 இலக்க நம்பர் இருக்கும் சரி, அதப் படிக்கற மெஷின் தோட்டத்துச் சாளைல யாருகிட்டங்க இருக்குது? அங்க இருக்கறவங்களுக்கு கண்ணுதான் மெஷினு.

அதனால அய்யா, அடுத்த நோம்பிக்கு முன்னாலயே உங்க ஆபீஸ்ல விளம்பரம் எழுதி வாங்கற தம்பிங்ககிட்டயும் அம்மணிங்ககிட்டயும் சொல்லி வைங்க. நாய்க்காரங்க அழுதுட்டு வந்து நிக்கறப்ப அவங்களுக்கா ஒண்ணும் ஞாபகம் வராது, நீங்கதான் காது எப்படி, வால் எந்தப் பக்கம், வெள்ளை எங்கெங்க, தோள் ஒசரம் எவ்வளவுன்னு கேட்டு வாங்கோணும். எச்சா வர்ற ரெண்டு மூணு வரிக்குக் காசக் கொறைச்சுப் போட்டீங்கன்னா கூலிக்குப் போறவங்களும் முழுசா எழுதிப் போட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.