பாஸ்வேர்டு விஷயம்: பி பிளாக் குழுவினர் கவனத்துக்கு

வணக்கம். திங்கட்கிழமை என் மெயிலிலிருந்து "அவசரமா இருபதாயிரம் அனுப்புங்க" என்று உங்களில் சிலருக்கு வந்ததே, அது நான் அனுப்பியதில்லை. ஃபோன் போட்டுக் கேட்ட மூன்றாம் மாடி மாமிக்கு நன்றி.

தப்பு என்னுடையதுதான். மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும்தான் என் பாஸ்வேர்டு. மளிகை ஆப், ரயில் டிக்கெட், மெயில் எல்லாவற்றுக்கும் அதே ஒன்று. எங்கோ ஓரிடத்தில் கசிந்தால் போதும், மெயில்வரை வந்துவிடுவார்கள். மெயில் கையில் கிடைத்தால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். அதனால் முதலில் மெயிலுக்குத் தனிப் பூட்டு போடுங்கள்.

2009-ல் ராக்யூ (RockYou) என்ற இணையதளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியாயின. அதிகம் பேர் வைத்திருந்தது 123456! திருடர்கள் முதலில் முயல்வதே இந்த மாதிரிப் பட்டியல்களைத்தான். 'a'-வுக்குப் பதில் '@' போடும் சாமர்த்தியமெல்லாம் அவர்களுக்குப் பழசு.

நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்துவிடுங்கள்: புளிமூட்டை, ஜன்னல், எருமை, திருகாணி என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள், குழுவில் 84 பேர் இருக்கிறோம்.) மறந்துபோகும் என்றால் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள், பரவாயில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு, ஃபோனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது) ஆன் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஞாயிறு காலை 11 மணிக்கு அசோசியேஷன் அறையில் இருப்பேன், ஃபோனோடு வாங்க. பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யணும், நான் திரும்பி நின்றுகொள்வேன்.